கல்லும் கத்தியும்

மனிதன் தன் உடலினுள் வளரும் கல்லோடு நடத்திய போராட்டம் மிகப் பழையது. அரசர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் வரிசைப்படுத்தி மனனஞ் செய்விக்கும் நமது பாடசாலைச் சரித்திரத்தில் இப்போராட்டத்துக்கு இடமில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் உழைப்பாளியின் உடலை எங்ஙனம் மதித்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு அரண்மனைகளின் கதையைவிட ஆஸ்பத்திரிகளின் கதையே கூடுதலாகப் பயன்படும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள உரும்பிராயை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புப் பாறையின்மேல் படிந்த செம்பாட்டு மண். ஆறு இல்லை; கிணறே உயிர்நாடி. வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் உருளைக்கிழங்கும் அம்மண்ணிலே விளைகின்றன. முன்னர் துலா மிதித்தும் பட்டையால் இறைத்தும், பின்னர் இயந்திரத்தைக் கொண்டு இறைத்தும் அப்பயிர்களை வளர்த்தவர்கள் நாள் முழுவதும் வெயிலில் நின்றவர்கள். வெயிலில் உழைப்பவனின் உடல் வியர்வையாக நீரை இழக்கிறது. குடிக்கும் நீர் அவ்விழப்பை ஈடுசெய்யாவிடின் சிறுநீர் சுருங்குகிறது. சுருங்கிய சிறுநீரிற் கரைந்திருக்கும் உப்புக்கள் படிகமாகின்றன. படிகம் திரண்டு கல்லாகின்றது. அக்கல் சிறுநீரகத்தை விட்டிறங்கிச் சிறுநீர்க்கானிலே சிக்கிக்கொள்ளும்போது எழும் வலியைப் பிரசவ வேதனைக்கு ஒப்பிடுவர்.

சில பத்தாண்டுகளுக்கு முன்னர் அத்தகைய கல்லை எடுப்பதற்கு விலாவின் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினார்கள். தசைகளின் அடுக்குகளைப் பிளந்து, சில வேளைகளில் விலா எலும்பொன்றின் துண்டையும் நீக்கி, சிறுநீரகத்தை அடைந்தார்கள். இன்று ஒரு விரலளவுத் துளையின் வழியாகவும், பல சந்தர்ப்பங்களில் எத்துளையுமின்றி உடலின் இயற்கை வழியாகவுமே கல் அகற்றப்படுகின்றது. இந்த வெட்டு எவ்வாறு சிறுத்தது? சிறுத்த வெட்டு யாரைச் சென்றடைந்தது? இவ்விரு வினாக்களையும் ஒன்றாகவே எழுப்புதல் வேண்டும். முதலாவதை மட்டும் எழுப்பினால் விஞ்ஞானிகளின் புகழ்மாலைதான் கிடைக்கும். இரண்டாவதையும் சேர்த்து எழுப்பும்போதே அது மக்களின் சரித்திரமாகும்.

அரசனின் அனுமதி

சுசுருத சம்ஹிதையிலே சிறுநீர்ப்பைக் கல்லை வெட்டி எடுக்கும் முறை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. இடது கைவிரல்களைக் குதத்தினுட் செலுத்திக் கல்லை முன்னோக்கித் தள்ளி, நடுக்கோட்டுக்கு இடப்புறமாக ஒரு வாற்கோதுமை அளவு விலகி வெட்டி, கொக்கி போன்ற கருவியாற் கல்லை உடையாமல் எடுத்தல் வேண்டும் என்பது அதன் விதி. மருந்தினால் பயன் விளையாத நிலையிலேயே கத்தியை எடுக்க வேண்டும். நோயாளி இறக்கவும் கூடுமாதலால் அரசனின் அனுமதி பெற்றே அதனைச் செய்தல் வேண்டும் என்றும் அந்நூல் எச்சரிக்கின்றது. இவ்வெச்சரிக்கை ஆழ்ந்து நோக்கற்பாலது. வைத்தியனின் கை எவ்வளவு தேர்ந்ததாயினும், அக்கத்தியின் மறுமுனையில் மரணம் நின்றது என்பதை அந்நூலார் மறைக்கவில்லை.

கிரேக்க நாட்டிலும் இதே அச்சம் இருந்தது. இப்போகிராத்தின் பெயரால் வழங்கும் வைத்திய சபதம், கல்லுக்காகக் கத்தி எடுப்பதைத் தவிர்த்து, அத்தொழிலில் வல்லாரிடம் அதனை விட்டுவிடுமாறு பணிக்கிறது. ஐரோப்பாவிலே நெடுங்காலம் ஊரூராகச் சென்று கல் வெட்டியவர்கள் பலர் பல்கலைக்கழக வாசலை மிதியாதவர்கள். கற்றறிந்த வைத்தியர் இலத்தீன் நூலைக் கையிலேந்தி நிற்க, இரத்தத்திற் கைவைக்கும் வேலை நாவிதர்க்கும் நாடோடிகளுக்கும் உரியதாயிற்று. மூளையால் உழைப்போர் உயர்ந்தோர், கையால் உழைப்போர் தாழ்ந்தோர் என்னும் பிரிவினை வைத்தியத்தையும் விட்டுவைக்கவில்லை.

நம் குடாநாட்டில் மூலிகையே முதன்மை பெற்றது. ஆரியச்சக்கரவர்த்திகளின் பெயரோடு இணைந்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இங்கு எழுந்தன. சித்த வைத்தியர் கல்லடைப்புக்கு நெருஞ்சிலையும் மாவிலங்கம் பட்டையையும் சிறுபீளையையும் வழங்கினர். சிறுபீளையை இலங்கைத் தமிழர் தேங்காய்ப்பூக்கீரை என்பர். அதையே சிங்கள மக்கள் பொல்பலா என்று அவித்துக் குடிப்பர். ஒரே பூண்டு, இரு மொழி, ஒரே நோவு. சிறு கற்கள் தாமாகவே இறங்கிவிடக் கூடியவை. கஷாயத்தோடு உட்செல்லும் நீரும் அதற்குத் துணைபுரிந்திருக்கும். ஆனால் பெருங்கல்லுக்குக் கஷாயம் போதாது. அத்தகைய கல்லைச் சுமந்தவன் வலியோடு வாழ்ந்து வலியோடு மாண்டான்.

எண்ணிக்கை பேசத் தொடங்கியது

இந்நிலையில் முதலாவது பெரும் மாறுதல் பாரிஸ் நகரிலே நிகழ்ந்தது. 1824ஆம் ஆண்டிலே ஜோன் சிவியால் என்னும் வைத்தியர், வெட்டே இல்லாமல், சிறுநீர் வெளிவரும் வழியாக மெல்லிய கருவியொன்றைச் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்த கல்லைப் பற்றித் துளைத்து நொறுக்கினார். நொறுங்கிய துகள்கள் சிறுநீரோடு வெளியேறின. மயக்கமருந்து இல்லாத காலம் அது. நோயாளி விழித்திருந்தபடியே இச்சிகிச்சையைப் பெற்றார். உடலை வெட்டாமல் உள்ளே வேலை செய்தல் என்னும் இன்றைய முறைக்கு அதுவே தலைவாசல்.

பழைய முறையினர் எதிர்த்தனர். நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்ட கத்தியைக் கைவிட அவர்கள் தயாராக இல்லை. சிவியால் அவர்களுக்கு எண்ணிக்கையால் விடையளித்தார். ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் திரட்டிய ஆயிரக்கணக்கான சத்திரசிகிச்சைகளின் விவரங்களை அவர் முன்வைத்தார். வெட்டப்பட்டவர்களுள் ஏறக்குறைய ஐந்துக்கு ஒருவர் இறந்தனர்; கல் நொறுக்கப்பட்டவர்களுள் இறந்தவர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே. இவ்விவரங்களை ஆராயப் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அமைத்த குழுவிலே கணித மேதை புவாசோனும் இருந்தார். 1835இல் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. இரு முறைகளுக்கும் உட்பட்ட நோயாளிகள் ஒரே தன்மையினர் அல்லர் என்னும் நியாயமான ஐயமும் அன்று எழுப்பப்பட்டது. ஆயினும் ஒன்று நிலைநாட்டப்பட்டது. குருவின் வாக்கோ பதவியின் பெருமையோ சிகிச்சையின் நன்மையைத் தீர்மானித்தல் ஆகாது. பிழைத்தவர் எத்தனை பேர், மாண்டவர் எத்தனை பேர் என்பதே தீர்மானித்தல் வேண்டும். ஏழையின் உயிரும் ஓர் எண்ணாக, செல்வனின் உயிருக்குச் சமமான எண்ணாக, ஏட்டில் ஏறியது.

அடுத்த மாறுதல் அத்திலாந்திக்குக்கு அப்பால் நிகழ்ந்தது. 1846 ஒக்ரோபர் 16ஆந் திகதி பொஸ்ரன் நகர ஆஸ்பத்திரியொன்றிலே ஈதர் ஆவியின் மயக்கத்தில் நோயாளியொருவர் வலியறியாமற் சத்திரசிகிச்சை பெற்றார். அச்செய்தியை வைத்திய உலகுக்கு எழுதி அறிவித்தவர் ஹென்றி ஜேக்கப் பிகலோ. அதே பிகலோ 1878இல் சிவியாலின் முறையை நிறைவாக்கினார். மயக்கமருந்தின் துணையால் ஒரே அமர்விற் கல்லை முற்றாக நொறுக்கி, துகள்களை அகன்ற குழாய் வழியாகக் கழுவி உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று அவர் காட்டினார். வலியை வென்ற பின்னரே கைக்கு அவகாசம் கிடைத்தது. அவகாசம் கிடைத்த பின்னரே வெட்டைக் குறைக்கும் நுட்பம் வளர்ந்தது.

மானிப்பாயில் ஒரு தமிழ்ப் பள்ளி

ஈதர் செய்தி பரவிய அடுத்த ஆண்டிலே, பொஸ்ரன் நகரம் அமைந்த அதே மசாச்சுசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த இருபத்தைந்து வயது வைத்தியர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். 1848இல் அவர் மானிப்பாயில் அமர்ந்தார். உரும்பிராயிலிருந்து சில மைல் தொலைவிலேயே உள்ளது மானிப்பாய். அங்கே அவர் தொடங்கிய வைத்தியக் கல்வி, இலங்கையில் மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்த முதற் பள்ளியாக மலர்ந்தது. 1850இல் யாழ்ப்பாண நகரிலே அரசாங்க அதிபர் டைக் காலத்தில் நண்பர் சங்க ஆஸ்பத்திரி எழுந்தது. இன்றைய போதனா வைத்தியசாலையின் வேர் அதுவே.

கிறீன் மதம் பரப்ப வந்த மிஷனைச் சேர்ந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் அந்நோக்கத்தின் எல்லையைக் கடந்து நிற்கின்றது. தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், கற்றுத் தேறிய மாணாக்கர் அரசாங்கச் சம்பளத்தை நாடி வெளியூர் செல்வதைக் கண்டார். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். ஆகவே 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதின் மேற்பட்டவர்.

தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமன்றோ? கிறீனும் அவருடைய தமிழ் மாணாக்கரும் சேர்ந்து அவ்வேலையில் இறங்கினர். உடலமைப்பையும் உடற்றொழிலையும் கூறும் நூல், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என ஆயிரக்கணக்கான பக்கங்கள் அச்சேறின. இவற்றுள் இரண வைத்தியம் 1867இல் வெளிவந்தது. ஆங்கிலேயச் சத்திரவைத்தியர் ட்றூயிற் எழுதிய பெயர்பெற்ற கைந்நூலின் தமிழ்வடிவம் அது. மூலநூல் சிறுநீர்ப்பைக் கல்லை வெட்டி எடுப்பதையும் நொறுக்கி எடுப்பதையும் விளக்கிய நூல். பாரிஸில் நடந்த வாதமும் இலண்டனில் நடந்த பரீட்சைகளும் இவ்வாறே மானிப்பாய்க்கு நெருங்கி வந்தன.

கலைச்சொல்லாக்கத்தில் அவர்கள் கைக்கொண்ட ஒழுங்கு நமது ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது. முதலில் தமிழிற் சொல் உண்டா என்று தேடினர். இல்லையெனில் வடமொழியை நாடினர். அங்கும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிக்கொண்டனர். தமிழால் முடியாது என்று கைவிரிக்கவுமில்லை. தூய்மை தூய்மை என்று வேலையை நிறுத்தவுமில்லை.

ஆனால் 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கில மொழியில் ஆரம்பமாயிற்று. பட்டமும் பதவியும் சம்பளமும் அப்பக்கம் நின்றன. கிறீன் 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மறைந்தார். அவருக்குப் பின் மானிப்பாய்ப் பள்ளி நீடிக்கவில்லை. காலனி ஆட்சியின் கீழ் ஒரு மொழி தோற்றது அம்மொழியின் வலுவின்மையாலன்று; அம்மொழியைப் பேசியோரிடம் அதிகாரம் இல்லாமையால். இதன் விளைவை நோயாளி இன்றும் அனுபவிக்கிறான். தன் உடலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அறியாமலே ஒப்பக் கையெழுத்து இடுபவர் நம்மிடையே எத்தனை பேர்!

ஏழையின் கல்

பிகலோவின் முறை இந்தியாவுக்கு வந்தபோது ஒரு கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. இந்தூரிலே பணிபுரிந்த கீகன் என்னும் சத்திரவைத்தியர், அதுவரை பெரியவர்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட கல்நொறுக்கும் முறையைச் சிறுவர்களுக்கும் செய்யலாம் என்று 1880களிலே காட்டினார். பின்னர் இலண்டனிற் பெரும்புகழ் ஈட்டிய பீற்றர் பிறேயரும் இந்திய மருத்துவ சேவையிலேயே கைப்பழக்கம் பெற்றவர். இவர்களுக்கு இத்தனை கல் நோயாளிகள் எங்கிருந்து கிடைத்தனர்? ஏழைக் குடிசைகளிலிருந்து என்பதே விடை.

இங்கிலாந்திலும் முன்னர் அவ்வாறே இருந்தது. 18ஆம் நூற்றாண்டிலே நோபோக் மாவட்ட ஆஸ்பத்திரியிற் கல்லுக்காக வெட்டப்பட்டவர்களுட் பெருந்தொகையினர் ஏழைச் சிறுவர். பாலும் புரதமும் குறைந்து தானியத்தையே நம்பி வளரும் குழந்தைகளிடத்து இக்கல் தோன்றுகிறது. நீலகிரியின் குன்னூரிலே உணவாராய்ச்சி நடத்திய றொபேட் மக்கறிசன், குறைவான உணவு கொடுத்த எலிகளின் சிறுநீர்ப்பையிற் கல் தோன்றுவதைக் கண்டு, இந்தியாவிற் கல்நோயின் காரணம் பற்றி 1931இல் எழுதினார். ஐரோப்பிய நாடுகளில் மக்களின் உணவு திருந்தியபோது குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் கல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. எந்தச் சத்திரவைத்தியனின் கத்தியும் சாதிக்காத அந்த வெற்றியைப் பாலும் பருப்பும் சாதித்தன.

ஒளியைத் தேடி

சிறுநீர்ப்பைக்குள் கருவி போயிற்று. ஆனால் கண் போகவில்லை. சிவியாலும் பிகலோவும் கையுணர்ச்சியாலேயே வேலை செய்தனர். உள்ளே ஒளி செலுத்தும் முயற்சி மெழுகுதிரியோடு தொடங்கியது. பிராங்க்போட் நகரின் பொற்சினி 1806ஆம் ஆண்டளவில் மெழுகுதிரியும் கண்ணாடியும் பொருத்திய கருவியொன்றை உருவாக்கினார். 1870களின் இறுதியிலே ஜெர்மனியரான மக்ஸ் நிற்சே மின்சாரத்தாற் பழுக்கும் பிளாற்றினக் கம்பியைக் கருவியின் நுனியிலே வைத்தார். அது சுடாதிருக்க நீரோடும் குழாயும் தேவைப்பட்டது. பின்னர் எடிசனின் மின்விளக்குச் சிறுத்து வந்து அக்கம்பியை அகற்றியது. 1895இல் றோன்ற்கன் கண்ட கதிர், கல் இருக்கும் இடத்தை வெட்டாமலே காட்டியது.

முதியோரின் நீரடைப்புக்கும் இவ்வழியே தீர்வு வந்தது. சிறுநீர்ப்பையின் வாயிலிலுள்ள புறோஸ்ரேற் சுரப்பி பருத்தால் சிறுநீர் மறிபடும். வயிற்றை வெட்டி அதனைத் தோண்டியெடுக்கும் முறையைப் பிறேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரப்பினார். 1926இல் ஸ்ரேண் அமைத்து, 1930களில் மக்கார்த்தி திருத்திய கருவியினால், கண்ணாற் பார்த்துக்கொண்டே மின்கம்பி வளையத்தாற் சுரப்பியை உள்ளிருந்தபடி செதுக்கியெடுக்க முடிந்தது. வயிற்றில் வெட்டில்லை.

ஆனால் சிறுநீரகம் எட்டாத உயரத்திலேயே இருந்தது. 1869இல் ஹைடல்பேக் நகரிற் குஸ்தாவ் சைமன் திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை அகற்றி, மற்றையதைக் கொண்டு மனிதர் வாழலாம் என்று காட்டியது முதல், சிறுநீரகத்துக்குரிய பாதை விலாவெட்டே. அவ்வெட்டு ஆறுவதற்கு வாரங்கள் சென்றன. மண்வெட்டி பிடிப்பவனுக்கு மாதங்கள் சென்றன. உத்தியோகத்தனுக்கு அம்மாதங்கள் சம்பளத்தோடு கூடிய லீவு. தோட்டக்கூலிக்கோ அவை அடுப்பு எரியாத நாட்கள். வெட்டின் நீளத்தை அங்குலத்தால் அளப்பது வைத்தியரின் கணக்கு. இழந்த நாட்கூலியால் அளப்பது தொழிலாளியின் கணக்கு.

இவ்வரணை உடைத்தது பல நாட்டாரின் கூட்டுழைப்பு. 1954இல் இலண்டனிலே ஹரல்ட் ஹொப்கின்ஸ் என்பவரும், பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி என்பவரும் மயிரிழை போன்ற கண்ணாடி நார்களின் கற்றையால் உருவத்தை வளைத்துக் கொண்டுசெல்லலாம் என்று காட்டினர். 1959இல் ஹொப்கின்ஸ் கோல்வடிவக் கண்ணாடிகளைக் கொண்டு தெளிவு மிகுந்த பார்வைக் குழாயை வகுத்தார். 1976இல் சுவீடன் நாட்டிலே பேண்ஸ்ற்றோம், ஜொஹான்சன் ஆகியோர் முதுகின் வழியாக ஊசியிட்டு, அத்துளையைச் சிறிது விரித்து, கதிர்ப்படத்தின் துணையாற் சிறுநீரகக் கல்லை எடுத்தனர். 1980 பெப்ரவரியில் மியூனிக் நகரிலே ஷவுசியும் தோழர்களும் உடலுக்கு வெளியே எழுப்பிய அதிர்ச்சி அலைகளை ஒருமுகப்படுத்திக் கல்லைத் தூளாக்கினர். நோயாளி நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருந்தார். மழைத்துளி மோதுவதால் அதிவேக விமானங்களுக்கு நேரும் சேதத்தை ஆராய்ந்த விமானக் கம்பெனியொன்றின் வேலையிலிருந்து பிறந்த கருவி அது! போருக்கும் ஆகாயத்துக்கும் உழைத்த அறிவு மனித நோவைத் தீர்க்கவும் பயன்படும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? மெல்லிய குழாயைச் சிறுநீர் வழியாகவே மேலேற்றி, சிறுநீர்க்கானில் நிற்கும் கல்லை லேசர் ஒளியால் உடைக்கும் முறையும் தொடர்ந்து வந்தது.

1990 ஜூன் 25ஆந் திகதி அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலே றால்ப் கிளேமனும் அவருடைய குழுவினரும் எண்பத்தைந்து வயது மூதாட்டியொருவரின் நோயுற்ற சிறுநீரகத்தை, வயிற்றிலிட்ட சில சிறு துளைகளின் வழியாகவே அகற்றினர். ஏறக்குறைய ஏழு மணி நேரம் சென்றது. விலாவெட்டின் ஆட்சி அன்று முடிவுறத் தொடங்கியது.

1990: இன்னொரு பக்கம்

அதே 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே இலங்கையின் வடக்கில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டின் மின்சாரம் அறுந்தது. பாதைகள் அடைபட்டன. எரிபொருளும் மருந்தும் தடைக்குள்ளாகின. செயின்ற் லூயிஸிலே ஒளியிழைகளின் துணையால் உடலினுள்ளே பார்த்தார்கள். வலிகாமத்திலே மண்ணெண்ணெய் விளக்கின் முன் மாணவர் படித்தார்கள். இவ்விரண்டும் ஒரே ஆண்டின் சரித்திரமே.

சிறு துளைச் சத்திரசிகிச்சை பெரு வெட்டைவிட எளிமையானதெனத் தோன்றலாம். உண்மையில் அது மிகப் பரந்த சமுதாய ஏற்பாட்டின்மேல் நிற்கின்றது. பெரு வெட்டுக்குக் கத்தி, நூல், மயக்கமருந்து, தேர்ந்த கை ஆகியவை போதும். சிறு துளைக்கோ இடையறாத மின்சாரம், கதிர்க் கருவி, நுண்ணிய கண்ணாடிக் குழாய், திரை, தூய நீர், பழுதுபார்க்கத் தெரிந்த தொழில்வல்லார், பயிற்சி பெற்ற தாதியர், பொருள் வந்து சேரும் பாதை ஆகிய அத்தனையும் வேண்டும். வெட்டு எவ்வளவு சிறிதாகின்றதோ, அதன் பின்னால் நிற்கவேண்டிய சமுதாயம் அவ்வளவு பெரிதாகின்றது. போர் உடைத்தது இந்தச் சமுதாயத்தையே.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வைத்திய பீடம் நிறுவப்பட்டது. பத்து ஆண்டுகள் செல்லுமுன், 1987 ஒக்ரோபர் 21ஆந் திகதி, அதன் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்த இந்திய இராணுவத்தினரால் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் ஊழியரும் கொல்லப்பட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஒரே இரவில் ஊர்களைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர், உரும்பிராயும் நடந்தது. கல்லடைப்புள்ளவனும் நடந்தான். நீரடைப்புள்ள கிழவனும் நடந்தான். ஏ-9 பாதை 2002இல் திறந்தது; 2006இல் மீண்டும் மூடியது; 2009இலே திறந்தது. தேசிய மின்வலையோடு குடாநாடு மறுபடி இணைந்தது 2013இலே.

இந்த இருண்ட ஆண்டுகளில் ஆஸ்பத்திரியை மூடவிடாது காத்த வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் எந்தக் கண்டுபிடிப்பாளரின் வரிசையிலும் இடம்பெறாதவர்கள். ஆயினும் இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் சிறுநீரக, சிறுநீர்வழிச் சத்திரசிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு இயங்குகின்றதென்றால், அது அவர்கள் அணையாது காத்த நெருப்பிலிருந்து ஏற்றிய விளக்கே.

இன்னொரு கடனையும் மறத்தலாகாது. அந்த வாசலில் நோயாளியிடம் பணம் கேட்பதில்லை. இலங்கையின் இலவச வைத்தியம் எவரும் இட்ட பிச்சையன்று. 1931இற் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவிப் பல்லாயிரம் ஏழைகளைப் பலிகொண்டது. சூரியமல் இயக்கத்து இளைஞரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்ற இடதுசாரிகளும் கிராமங்களுக்குச் சென்று பணிபுரிந்தனர். வாக்குக் கொண்ட ஏழையை அரசாங்கம் புறக்கணிக்க முடியாமற் போயிற்று. அந்தப் போராட்டங்களின் பேறே ஏழையின் கட்டில்.

அக்கட்டில் இன்று ஆடுகின்றது. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வறண்டபோது மருந்துகளும் சத்திரசிகிச்சைப் பொருள்களும் தட்டுப்பட்டன. பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்தது. கடன் வாங்கியவர் யாரோ. காத்திருந்தவர் ஏழை நோயாளி. கையிற் காசுள்ளவன் தனியார் வைத்தியசாலைக்குச் செல்வான். சிறு துளையோடு சில நாட்களில் வீடு திரும்புவான். காசில்லாதவன் நீண்ட வரிசையில் நிற்பான். நிற்கும் காலத்திலே அடைபட்ட சிறுநீரகம் சிறிது சிறிதாகச் செயலிழக்கும்.

கிணற்றடியில் தொடங்கும் வைத்தியம்

கல்லை எடுப்பதைவிடக் கல் தோன்றாமற் காப்பது மேல். 1996இலே இத்தாலிய வைத்தியர் போர்கியும் குழுவினரும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். முதன்முறை கல் தோன்றிய 199 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நாளொன்றுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாது சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் குடிக்கச் செய்தனர். ஐந்து ஆண்டுகளில் மீண்டும் கல் தோன்றியவர் இப்பிரிவில் நூற்றுக்குப் பன்னிருவர். மற்றப் பிரிவில் இருபத்தேழு பேர். மருந்தில்லை, கத்தியில்லை, நீரே மருந்து. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது, ஆதலாற் கல் வருகிறது என்பது நம்மவர் நம்பிக்கை. நீரின் கடினம் மட்டும் கல்லுக்குக் காரணமென்று ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தவில்லை. போதிய நீர் குடியாமையே தெளிவாக நிறுவப்பட்ட காரணம். நீருக்கு அஞ்சிக் குறைவாகக் குடிப்பவன் கல்லை அழைத்துக்கொள்கிறான்.

நீர் குடியுங்கள் என்று உபதேசிப்பது எளிது. யார் குடிக்கக்கூடியதாக இருந்தது என்று சரித்திரம் கேட்கிறது. பிறர் தோட்டத்துக்கு நாள் முழுதும் நீரிறைத்த ஒடுக்கப்பட்ட மக்கள், தம் தாகத்துக்கு அதே கிணற்றிலே கயிறு போட முடியாது, பிறர் வார்க்கும் வரை காத்து நின்ற நாடு இது. சாதியின் பெயரால் விதிக்கப்பட்ட தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்தது. அச்சட்டத்தை உயிர்ப்பிக்க 1960களில் மக்கள் போராட வேண்டியிருந்தது. சாதிக் கொடுமையும் ஒரு நோய்க்காரணியே. அதனை எந்த வைத்திய நூலும் பட்டியலில் எழுதவில்லை.

இன்று அபாயம் புதிய வடிவெடுத்துள்ளது. செம்பாட்டு மண்ணில் அளவின்றி இடும் உரம் பாறை இடுக்குகளால் இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்வதை ஆராய்ச்சிகள் பல தசாப்தங்களாகச் சுட்டிவருகின்றன. உரும்பிராய்க்கு அண்மையிலுள்ள சுன்னாகத்திலே மின்நிலையச் சூழலின் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மின்சாரம் வேண்டும்; அம்மின்சாரத்தை ஆக்கும் வழியே கிணற்றைக் கெடுத்தால் நோயாளரை நாமே உற்பத்தி செய்தவராவோம். திட்டமிடுவோர் இலாபத்தை ஒரு கண்ணாலும் மக்களின் நீரை மூடிய கண்ணாலும் நோக்கும்வரை இம்முரண்பாடு தீராது.

ஆசிரியர்களே, மாணவர்களே! இச்சரித்திரம் உங்களிடம் மூன்று பணிகளை ஒப்படைக்கின்றது. கிராமத்துப் பாடசாலையிலே சிறுநீரகத்தின் தொழிலைக் கற்பிக்கும் அன்றே, ஊர்க் கிணறுகளின் நீரைப் பரிசோதிக்கும் வழக்கத்தையும் தொடங்குங்கள். சத்திரசிகிச்சைக்கு உடன்படும் நோயாளி தன் தாய்மொழியில் அதன் நன்மை தீமைகளை அறியும் உரிமைக்காகக் குரல் கொடுங்கள். 1867இல் மானிப்பாயில் இயன்றது இன்று இயலாதெனில் அது நம் வெட்கம். மூன்றாவதாக, அரசாங்க ஆஸ்பத்திரியின் இலவசக் கட்டிலைக் காக்கும் போராட்டத்தை வைத்தியரின் தொழிற்சங்கங்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுசுருதன் காலத்தில் கத்தியைத் தொட அரசனின் அனுமதி வேண்டும். இன்று அந்த அனுமதியை வழங்குவதும் மறுப்பதும் பணம். அந்த அதிகாரத்தை மக்கள் தம் கையில் எடுத்துக்கொள்ளும்போதே, இருநூறு ஆண்டுகளாகப் பல நாட்டு அறிஞரும் தொழிலாளரும் உழைத்துச் சிறுக்கவைத்த வெட்டு, உரும்பிராய்த் தோட்டத்து உழைப்பாளிக்கும் உரியதாகும்.